சோடாபுட்டிக் கண்ணாடி எங்கே போச்சு?

குற்றாலத்துக்குக் கீழ சிற்றாத்துல முங்கி கண்ணைத் திறந்தா எல்லாமே மங்கலா தெரியும், இல்லையா? காத்துல இருந்து கருவிழிக்குள்ள நுழையும்போதுதான் ஒளி நல்லா வளையும். தண்ணியில இருந்து நுழைஞ்சா வளைவு ரொம்பக் கம்மி.

ஒளியை வளைக்கிறதுல கருவிழி பங்கு மூணுல ரெண்டு. மிச்சம் உள்ள இருக்கிற லென்ஸ். முன்னெல்லாம் கண்புரை ஆபரேஷன்ல அதை எடுத்துட்டு அப்படியே விட்டுடுவாங்க. நம்ம தென்காசி தாத்தா பாட்டி போட்ட சோடாபுட்டி அதுக்குத்தான்.

1949-ல லண்டன்ல ஹெரால்ட் ரிட்லி முதல் தடவையா கண்ணுக்குள்ளயே அக்ரிலிக் லென்ஸ் வச்சார். போர் விமானிகள் கண்ணுல தங்கின அக்ரிலிக் சில்லு உறுத்தாததைப் பார்த்து வந்த யோசனை. வடிவம் இயற்கை லென்ஸ் மாதிரிதான். ஆனா அக்ரிலிக் ஒளியை இன்னும் அதிகமா வளைக்குமே! பவர் மைனஸ் 18.

கணக்கு பிறகு சரியாச்சு. 1992-ல மதுரை ஆரோலேப் லென்ஸ் தயாரிக்க ஆரம்பிச்சதும் விலையும் இறங்கிச்சு. இப்ப அரசு மருத்துவமனையில இலவசம்.

இன்னமும் ஓபி-ல "புரை முத்தட்டும் டாக்டர்"ங்கிறாங்க. அது லென்ஸ் வைக்காத காலத்து வழக்கம்.