வளராத பிள்ளை

பொம்மைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினேன் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். "இந்த வயதில் இவருக்கு இது வேண்டுமா?" என்று கேட்கவும் கூடும். கேட்கட்டும். கதை எழுதுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு நல்ல கதை எந்தத் திண்ணையில் கிடைத்தாலும் லாபம்தான். அது பெரிய மேதையின் காவியத்தில் இருந்தாலும் சரி, குழந்தைகளுக்கென்று டெலிவிஷனில் காட்டிய சித்திரப் படத்தில் இருந்தாலும் சரி.

ஒருநாள் மாலை என் பேரன் பழைய ஜப்பானியப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளைப் படம். பொழுது போகட்டுமே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் படம் முடிந்துவிட்டது. பையன் என் பக்கம் திரும்பி, "ஏன் தாத்தா, அவன் வளரலேன்னா அது அவன் தப்பா?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று முதல் அந்தப் படத்தைப் பற்றியும் அதைச் செய்தவரைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். படத்தைப் பற்றிய என் அபிப்பிராயத்தையும், படித்ததில் கண்ட சரித்திரத்தையும் இங்கே சொல்லுகிறேன்.

படத்தின் பெயர் 'டெட்ஸுவான் அடோம்'. 'இரும்புக் கரம் படைத்த அணு' என்று நாம் பெயர்த்துக்கொள்ளலாம். அதன் முதல் பகுதி 1963-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை 6-15 மணிக்கு ஜப்பானில் ஃபுஜி டெலிவிஷனில் ஒளிபரப்பாயிற்று. வாரந்தோறும் அரை மணி நேரம் ஓடும் சித்திரத் தொடர் ஒன்றை ஜப்பானியர் தாங்களே தயாரித்து டெலிவிஷனில் காட்டியது அதுவே முதல் தடவை.

கதை இதுதான். டாக்டர் டென்மா என்பவர் விஞ்ஞான இலாகாவின் தலைவர். அவருக்கு டோபியோ என்று ஒரே மகன். ஒருநாள் மோட்டார் விபத்தில் அந்தப் பிள்ளை இறந்துபோகிறான். துக்கம் தாங்காத தகப்பனார் பித்துப் பிடித்தவர் போல் ஆகிவிடுகிறார். மகனைப்போலவே ஒரு யந்திரப் பிள்ளையைச் செய்துவிடுவது என்று தீர்மானிக்கிறார். இலாகாவின் ஆட்களும் பணமும் அந்த ஒரு காரியத்துக்கே செலவாகின்றன.

பிள்ளை பிறக்கும் காட்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெரிய பெரிய யந்திரங்கள், மின்சாரக் கீற்றுகள், நடுவே மேஜைமேல் அசைவற்றுக் கிடக்கும் ஒரு சிறுவன். பழைய பிராங்கன்ஸ்டைன் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஞாபகம் வராமல் இராது. ஆனால் அந்தப் படத்தில் பூதம் எழுந்தபோது பார்ப்பவர்களுக்குப் பயம் உண்டாயிற்று. இங்கே அந்தச் சிறுவன் கண் திறக்கும்போது நமக்குப் பரிதாபம்தான் உண்டாகிறது. யாருக்குப் பதிலாக நாம் பிறந்தோம் என்று அவனுக்குத் தெரியாது அல்லவா?

தகப்பனார் அவனை வீட்டுக்கு அழைத்துப்போகிறார், சீராட்டுகிறார். நாட்கள் செல்லச் செல்ல ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்துகிறது. பையனின் உயரம் அப்படியே இருக்கிறது. மற்றப் பிள்ளைகளெல்லாம் வளருகிறார்கள். இவன் மட்டும் வளரவில்லை. யந்திரம் எப்படி வளரும்? அதைச் செய்த மகா விஞ்ஞானிக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் மறந்திருந்தார். ஞாபகம் வந்ததும் அன்பு முழுவதும் ஆத்திரமாக மாறிவிடுகிறது. "நீ என் மகன் அல்ல" என்று தள்ளி, அவனை ஒரு ஸர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார்.

என் பேரன் கேள்வி கேட்டது இந்த இடத்தைப் பற்றித்தான்.

பிறகு ஸர்க்கஸில் யந்திரங்களோடு யந்திரங்களை மோதவிடும் கொடுமையான வேடிக்கையில் பையன் சிக்கிக்கொள்கிறான். டாக்டர் ஒச்சானொமிஸு என்ற பெரிய மூக்குக்கார விஞ்ஞானி அங்கே அவனைக் கண்டு இரக்கப்படுகிறார். கூடாரத்தில் தீப் பிடிக்கிறது. தன்னை அடிமையாக வைத்திருந்த அதே இடத்து மனிதர்களைப் பையன் காப்பாற்றுகிறான். யந்திர மனிதர்களுக்கு விடுதலை அளிக்கும் சட்டமும் பிறக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பாதியில் அவசரம் அதிகம். இரக்கமுள்ள விஞ்ஞானி தக்க சமயத்தில் தோன்றுவதும், சட்டம் தக்க சமயத்தில் நிறைவேறுவதும் நாடக மேடைத் தந்திரங்கள். டென்மா மகனை விற்ற பிறகு அவர் மனம் என்ன பாடு பட்டது என்பதைக் கதை எட்டிப் பார்ப்பதே இல்லை. நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு அது பெரிய மனக்குறை. ஆனால் முன்பாதி இருக்கிறதே, அதை எந்தப் பெரிய எழுத்தாளரும் தம்முடையது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இதை எழுதியவர் ஒஸாமு தெஸுகா. 1928-ல் ஒஸாகாவுக்கு அருகே பிறந்து, டகரஸுகா என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்து வைத்துப் படம் வரைவதில் பைத்தியம். தம் பெயரிலேயே 'பூச்சி' என்று பொருள்படும் எழுத்தை ஒட்டிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் மாணவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். தெஸுகாவும் ஒஸாகாவில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். 1945 ஜூன் மாதத்தில் ஒஸாகாமீது குண்டுமாரி பொழிந்தபோது அவர் கண்காணிப்புக் கோபுரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார். அவர் உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம்தான். கீழே இறங்கி வந்தவர் ஆற்றங்கரையில் பிணங்களைக் கண்டார். அப்போது அவருக்கு வயது பதினாறு. யுத்தம் முடிந்த அன்று இரவு இருட்டடிப்பு நீங்கி நகரத்தில் விளக்குகள் எரிந்ததைப் பார்த்துத் தாம் அடைந்த ஆனந்தத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து அனுபவம் இன்னொன்றையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் வீதியில் அவரிடம் ஏதோ கேட்டார்களாம். அவருக்குப் பாஷை புரியவில்லை. பதில் சொல்லத் தெரியவில்லை. அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமையால் விளையும் இந்தத் துன்பந்தான் அடோம் கதையின் விதை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தெஸுகா வைத்தியம் படித்துத் தேறியவர். ஆயினும் ஸ்டெதாஸ்கோப்பை விடப் பேனாவே அவரை இழுத்தது. 1951-ல் ஒரு சித்திரக் கதையில் துணைப் பாத்திரமாக அடோம் தோன்றினான். 1952-ல் 'ஷோனென்' என்ற சிறுவர் பத்திரிகையில் அவனே கதாநாயகனானான். ஒரு லட்சம் குதிரை சக்தி உடைய பையன். அவன் பெயரோ அணு! ஹிரோஷிமாவும் நாகஸாகியும் சாம்பலாகி ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த தேசத்தில் ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பதென்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அழித்த சக்தியே இனிக் காப்பாற்றட்டும் என்ற ஆசை அதில் இருந்தது போலும். அந்த ஆசை எவ்வளவு தூரம் பலித்தது என்பதை 2011-ல் ஃபுகுஷிமாவைக் கண்ட நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரிகையில் வெற்றி பெற்றவருக்கு, படங்கள் அசைய வேண்டும் என்ற தாகம் பிறந்தது. வால்ட் டிஸ்னியிடம் அவருக்கு அளவற்ற பக்தி. தம் சொந்தப் பணத்தைப் போட்டு 'முஷி புரொடக்ஷன்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 'முஷி' என்றாலும் பூச்சிதான்!

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இருபத்தைந்து நிமிஷப் படம் என்றால் 36,000 படங்கள். டிஸ்னி மாதிரி அசைவு தத்ரூபமாக இருக்கவேண்டுமானால் கையால் வரையும் சித்திரங்கள் பதினாயிரக் கணக்கில் தேவை. ஜப்பானில் டோயி கம்பெனி அப்படி ஒரு முழு நீளப் படத்தை எடுக்கப் பெரும் படையை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் உழைத்தது. தெஸுகாவோ வாரம் ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்!

எப்படிச் சாதித்தார்? ஒரே சித்திரத்தை மூன்று படங்களுக்கு நிறுத்தினார்கள். பேசும்போது முகம் அசையாது. வாய் மட்டும் அசையும். கூட்டம் அசையாது, காமிரா அதன்மேல் நகரும். அடோம் வானத்தில் பறக்கும் சித்திரங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த வாரங்களில் பின்னணியை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்ப உபயோகித்தார்கள். சிக்கனமான குடும்பப் பெண் பழைய புடைவையைக் கிழித்துத் தலையணை உறையும் கைப்பிடித் துணியும் தைத்துக்கொள்வது போன்ற சாமர்த்தியம் இது. அமெரிக்காவில் டெலிவிஷனுக்குப் படம் எடுத்தவர்களும் இந்த மாதிரிச் சிக்கனத்தைக் கையாண்டதுண்டு. தெஸுகா அதைக் கடைசி எல்லை வரையில் கொண்டுபோனார்.

முதல் பகுதியைப் பார்க்கும்போது இந்த வறுமை நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், டென்மா தம் பிள்ளையை வெறித்துப் பார்க்கும் இடத்தில் அந்த அசையாத முகம் நம்மை உலுக்கிவிடுகிறது. அசைவு குறைந்த இடத்தில் கதை நின்று தாங்கியது. ஜப்பானில் டெலிவிஷன் வைத்திருந்த வீடுகளில் நூற்றுக்கு 27 வீடுகளுக்கு மேல் அன்று மாலை அதைப் பார்த்தன. அதே ஆண்டு செப்டம்பரில் 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற பெயரில் அது அமெரிக்காவுக்கும் போயிற்று. ஆண்டு முடிவதற்குள் மற்றக் கம்பெனிகளும் இதே வழியில் தொடர்களை ஆரம்பித்துவிட்டன. இன்று உலகமெங்கும் குழந்தைகளும் பெரியவர்களும் 'அனிமே' என்று பார்க்கும் பிரவாகத்துக்கு இந்த அரை மணி நேரம் ஓர் ஊற்றுக்கண்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் சுபம் என்று போட்டுவிடலாம். சரித்திரம் அப்படி விடுவதில்லை.

தெஸுகா தம் படத்தை டெலிவிஷன்காரர்களுக்கு அடக்க விலைக்கும் குறைவாகக் கொடுத்தார். நஷ்டத்தைத் தம் பத்திரிகை வருமானத்தைக் கொண்டும், பொம்மைகளிலும் மிட்டாய்களிலும் அடோமின் உருவத்தைப் போட்டுக்கொள்ளக் கொடுத்த உரிமைப் பணத்தைக் கொண்டும் ஈடு செய்தார். அவருக்கு அது சாத்தியமாயிற்று. ஆனால் சித்திரப் படத்தின் விலை இவ்வளவுதான் என்று ஒரு தடவை ஏற்பட்டுவிட்டால், பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வது? குறைந்த சம்பளமும் கண்விழிப்பும் அந்தத் தொழிலின் மாமூலாகிவிட்டன. தெஸுகா 1989 பிப்ரவரியில் காலமான பிறகு, மற்றொரு பெரிய சித்திரப் படக் கலைஞரான ஹயாவோ மியாஸாக்கி இந்த விஷயத்தை எடுத்துக் காட்டிக் கடுமையாகவே எழுதினார். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் முகம் சுளித்திருக்கலாம். எனக்கென்னவோ அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. தொழிலாளியின் தூக்கத்தையும் சேர்த்துத்தானே கலையின் விலையைக் கணக்கிட வேண்டும்? முஷி ஸ்தாபனமும் தப்பவில்லை. தெஸுகா 1971-ல் தலைமைப் பதவியை விட்டு விலகினார். 1973-ல் அது திவாலாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு டாக்டர் டென்மாவின் ஞாபகம் வந்தது. ஆசைக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று இலாகாவின் ஆட்களையும் பணத்தையும் அவர் வாரி இறைத்தார் அல்லவா? தெஸுகாவும் டிஸ்னி போல ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிறந்ததோ கை கால் முழுதும் அசையாத பிள்ளை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டென்மா தம் பிள்ளையை விற்றார். தெஸுகா தம் பிள்ளைக்காகத் தாம் சம்பாதித்ததையெல்லாம் விற்றார். அதற்காக அவரை நமஸ்கரிக்கலாம். அவரை நம்பி இரவெல்லாம் கண் விழித்து வரைந்த இளைஞர்களையும் மறக்காமல் நமஸ்கரிக்க வேண்டும்.

தொடர் 193 பகுதிகள் ஓடி, 1966 டிசம்பர் 31-ஆம் தேதி முடிந்தது. கடைசிப் பகுதியில் பூமியைக் காப்பதற்காக அடோம் சூரியனுக்குள்ளேயே பாய்ந்துவிடுகிறான். ஆயினும் கதைப்படி அவன் பிறந்த நாள் 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி. நிஜமாகவே அந்தத் தேதி வந்தபோது ஜப்பானியர் பிறந்த நாள் கொண்டாடினார்கள். ஸைதாமா மாகாணத்து நீஸா என்ற ஊர், அவனைத் தன் பிரஜையாகவே பதிவு செய்துகொண்டது! தகப்பன் வேண்டாம் என்று தள்ளிய பிள்ளையை ஓர் ஊரே தத்து எடுத்துக்கொண்டது.

இப்போது என் பேரனின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிறந்த நாளன்றும் பையனை நிறுத்தி உயரம் குறிப்போம். சென்ற தடவை கோடு அதிகம் ஏறவில்லை என்று நான்தான் குறைப்பட்டுக்கொண்டேன். "ஒழுங்காய்ச் சாப்பிட்டால்தானே!" என்று இரண்டு வார்த்தை கடிந்தும் சொன்னேன். பையன் அதை மறக்கவில்லை போலிருக்கிறது. படத்தைப் பார்த்து அவன் கேட்டது அடோமுக்காக மட்டுமல்ல என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "அவன் தப்பு இல்லையடா, கண்ணு. கோடு போட்டுப் பார்த்தவர் தப்பு" என்றேன்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. படத்தின் இரண்டாம் பகுதியைப் போட்டுவிட்டு, எனக்கும் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டான்.