போள் வாசல்

ஆமதாபாத்தின் பழைய நகரத்தில் சந்து பொந்தெல்லாம் சுற்றித் திரிந்தபோது, ஒரு பெரிய மர வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் உடனே, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று ஹிந்தியில் கேட்டாள். யாரையும் இல்லை, வீடுகளைப் பார்க்க வந்தேன் என்றேன். "பாருங்கள்" என்றாள். ஆனால் அவள் பார்வை என் முதுகை விட்டு அகலவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகக்கூட இருந்தது. சென்னையில் என் எதிர் வீட்டுக்காரர் பெயரே தபால் பெட்டியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்!

இப்படிப்பட்ட குடியிருப்புக்கு அங்கே 'போள்' என்று பெயர். அகமது ஷா 1411-ல் அந்த நகரத்தை நிர்மாணித்தார். அதற்குப் பின் போள்கள் பெருகின. ஒரு வாசல், உள்ளே ஒரு குறுகலான தெரு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கொள்ளைக்கும் கலகத்துக்கும் பயந்து இரவில் வாசற்கதவைச் சாத்திக் காவல் வைப்பார்கள். பல வீடுகளில் முற்றத்துக்கு அடியில் 'டாங்கா' என்ற தொட்டி உண்டு. மொட்டை மாடியில் விழும் மழைத் தண்ணீர் அதில் இறங்கி வருஷம் பூராவும் குடிக்க உதவும். தெருவில் உயரமான கம்பத்தின் மேல் சின்ன மண்டபம் ஒன்று நிற்கிறது. புறாவுக்கும் கிளிக்கும் அங்கே தானியம் போடுவார்கள். பறவைகூடப் போள்வாசிதான்.

ஊருக்குத் திரும்பியதும், 1879-ல் வெளிவந்த பம்பாய் மாகாண கெஜட்டியரைப் புரட்டினேன். கல்யாணம் வந்தால் போள் முழுவதற்கும் விருந்து வைக்க வேண்டுமாம். சாவு வந்தால், சில போள்களில், வேறு ஜாதிக்காரர்கூட வந்து நிற்பார்களாம். படிக்கப் படிக்க ஏக்கமாக இருந்தது. அடுத்தாற்போல் வேறு சில விஷயங்கள். முன்காலத்தில், போளிலுள்ளவர்களிடம் முதலில் கேட்காமல் வீட்டை வெளியாருக்கு விற்கக் கூடாது. கட்டுப்பாட்டை மீறினால் அபராதம். அதைக் கட்டும்வரையில் வீட்டில் விளக்கேற்றவும் கூடாது!

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாலு பக்கமும் வெளிச்சம் தெரிய, நடுவில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டிலும் குழந்தைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? பெரும்பாலான போள்களில் ஒரே ஜாதியாரோ ஒரே மதத்தாரோ சேர்ந்து குடியிருந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது.

1892-ல் சபர்மதியின் குறுக்கே எல்லிஸ் பாலம் திறந்தது. காலப்போக்கில் வசதியுள்ள குடும்பங்கள் அக்கரைக்குப் போய்த் தோட்டம் வைத்து வீடு கட்டிக்கொண்டன. காற்றுக்காகப் போனார்கள் என்பார்கள். சிலராவது தங்கள் விளக்கைத் தாங்களே ஏற்றிக்கொள்ளப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனாலும் நம் பொங்கலை ஒட்டி வரும் உத்தராயணத்தன்று, பலர் பட்டம் விடப் பழைய மாடிகளைத் தேடி வந்துவிடுகிறார்கள். 2017-ல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அன்று திரும்பும்போது அந்த அம்மாளிடம் விளையாட்டாகக் கேட்டேன்: "இங்கே வீடு ஏதாவது விலைக்கு வருமா, அம்மா?"

உரித்த பட்டாணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.