பொது நினைவகத்தில் நீதியான பங்கு

பலருக்குப் பொதுவான ஒரு பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பது மனித சமுதாயம் தோன்றிய நாள் முதலாக இருந்துவரும் வினாவாகும். கணினி உலகிலும் அவ்வினா எழுந்தது. அங்கும் அது எளிதில் தீர்ந்துவிடவில்லை. ஒரே கணினியின் விரைவு நினைவகத்தை, ஒருவரையொருவர் அறியாத பலர் பயன்படுத்தும்போது, எவருக்கு எவ்வளவு இடம் அளிப்பது நீதி?

ஒரு நூலகத்தை எண்ணிப் பார்ப்போம். நூல்கள் யாவும் உள்ளறை அலுமாரிகளில் இருக்கின்றன. அடிக்கடி கேட்கப்படும் சிலவற்றை மட்டும் நூலகர் தம் மேசைமீது வைத்திருக்கிறார். மேசையில் உள்ள நூல் உடனே கிடைக்கும். இல்லாததை உள்ளே சென்று எடுத்துவர வேண்டும். கணினியின் மின்நினைவகம் அம்மேசையைப் போன்றது. காந்தத் தட்டு அலுமாரியைப் போன்றது. மின்நினைவகத்திலிருந்து ஒரு தகவலைப் பெற விநாடியின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் காந்தத் தட்டிலோ விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை செல்லும். வேறுபாடு ஏறக்குறைய இலட்சம் மடங்கு. ஆனால் மேசை சிறிது. புதியதொன்றை வைக்கப் பழையதொன்றை அகற்றியே ஆகவேண்டும். எதை அகற்றுவது, யாருடையதை அகற்றுவது என்பதே சிக்கல்.

இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் என்னும் கணினி, இச்சிக்கலை இயந்திரத்திடமே ஒப்படைத்தது. ரொம் கில்பேர்ண் குழுவினர் அமைத்த அக்கணினியில் 16,384 சொற்கள் கொள்ளும் விரைவு நினைவகமும், அதனினும் ஆறு மடங்கு பெரிய காந்த உருளையும் இருந்தன. தகவல்கள் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டன. எப்பக்கத்தைத் திருப்பி அனுப்புவது என்பதைக் கணினியே தீர்மானித்தது. 1965இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் மொறிஸ் வில்க்ஸ், முதன்மை நினைவகத்துக்கு முன்னால் அதனினும் விரைவான சிறு நினைவகம் ஒன்றை வைக்கலாம் என எடுத்துரைத்து, அதற்கு ‘அடிமை நினைவகம்’ எனப் பெயரிட்டார். 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினி ஒன்றில் இத்தகைய நினைவகத்தை அமைத்தபோது அது ‘கேஷ்’ எனப்பட்டது. ஒளித்துவைத்தல் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பின்னாளில் இவ்வகைச் சேமிப்புகள் யாவற்றுக்கும் அப்பெயரே நிலைத்தது.

அதே 1968இல், அமெரிக்க ஆய்வாளர் பீற்றர் டென்னிங் ஓர் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். அக்காலத்தில் ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். எல்லோருடைய தேவையும் நினைவகத்தின் கொள்ளளவை மிஞ்சினால், ஒருவருடைய பக்கம் மற்றவருடையதை வெளியே தள்ளும். தள்ளப்பட்டது மீண்டும் வந்து வேறொன்றைத் தள்ளும். கணினி பக்கங்களைச் சுமப்பதிலேயே காலத்தைக் கழிக்கும். எவர் வேலையும் நடவாது. ஒவ்வொரு வேலையும் அண்மையில் பயன்படுத்திய பக்கங்களைக் கணக்கிட்டு, அவை முழுமையாக அடங்கும் அளவுக்கே வேலைகளை அனுமதிக்க வேண்டும் என்பது அவர் கூறிய பரிகாரம்.

தரவுத்தளங்களிலோ, நெடுநேரம் தீண்டப்படாத பக்கத்தை அகற்றுவது என்னும் விதி பரவலாயிற்று. பார்வைக்கு இது நடுநிலையான விதி. ஆனால் பக்கம் யாருடையது என்று அது கேட்பதில்லை. ஒருவர் தம் பேரேடு முழுவதையும் ஒருமுறை புரட்டினால், மற்றவர்கள் நாள்தோறும் கையாளும் பக்கங்கள் யாவும் வெளியேறிவிடும். 1993இல் வெளிவந்த ஒரு முறை, கடைசித் தீண்டலை மட்டுமன்றி அதற்கு முந்திய தீண்டலையும் நோக்கி, ஒருமுறை மட்டும் புரட்டப்பட்டவற்றை விரைவில் வெளியேற்றியது. சிக்கனம் வளர்ந்தது, உரிமை பற்றிய கேள்வி அப்படியே நின்றது.

2006க்குப் பின், அமேசன் முதலிய நிறுவனங்கள் கணினி ஆற்றலை வாடகைக்கு விடத் தொடங்கியபோது அக்கேள்வி கூர்மையடைந்தது. ஒரே இயந்திரத்தில் பல நிறுவனங்களின் தரவுத்தளங்கள் குடியிருக்கலாயின. ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் நிலையான பங்கை ஒதுக்கினால், உறங்குபவரின் இடம் வீணாகும். எல்லாவற்றையும் பொதுவில் விட்டால், ஆரவாரமாகக் கேட்பவர் அமைதியானவரின் இடத்தை விழுங்குவார்.

2015இல் மைக்ரோசொப்ற் ஆய்வாளர்கள் நடுவழி ஒன்றைக் காட்டினர். நினைவகம் பொதுவாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் வாக்களிக்கப்பட்ட அளவு தனியே கிடைத்திருந்தால் எத்தனை பக்கங்கள் உடனே கிட்டியிருக்கும் என்பது நிழற்கணக்காகக் கணிக்கப்படும். அக்கணக்குக்குப் பக்கங்கள் வேண்டியதில்லை, அவற்றின் அடையாளங்களே போதும். உண்மையில் கிட்டியது அதனினும் குறைந்தால், ஒப்பந்தப்படி வழங்குநரே ஈடு செய்ய வேண்டும். நீதி என்பது சமபங்கு அன்று, வாக்குத் தவறாமை என்பதே இதன் சாரம்.

மறு ஆண்டில், கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வாளர்கள் கசப்பான உண்மையொன்றை நிறுவினர். ஒரே கோப்பைப் பலர் பயன்படுத்தும் பொதுக் கேஷில், எவருக்கும் தனிப்பங்கினும் குறையாமை, எவரும் பொய்யுரைத்து ஆதாயம் பெறாமை, இடம் சிறிதும் வீணாகாமை ஆகிய மூன்றையும் எந்த விதியாலும் ஒருங்கே காக்க இயலாது. தமக்கு வேண்டிய கோப்பை மற்றவர் எப்படியும் வைத்திருப்பார் என்றறிந்தவர், அது தமக்கு வேண்டாதது போல் நடித்துத் தம் பங்கை வேறொன்றுக்குச் செலவிடலாம். அத்தகையோரைச் சில வேளைகளில் காத்திருக்கச் செய்வதே அவர்கள் வகுத்த வழி. முதல் இரண்டையும் காப்பதற்காக மூன்றாவதில் சிறிதளவை அவர்கள் தெரிந்தே விட்டுக்கொடுத்தனர்.

அற்லஸ் காலத்தில் எப்பக்கத்தை அகற்றுவது என்பது பொறியியல் வினாவாக இருந்தது. எவருக்கு இழப்பு நேரலாம், அதற்கு யார் பொறுப்பு என்பனவோ மனிதர் விடைகூற வேண்டிய வினாக்கள். கணினி நொடிக்கு நொடி பங்கிடலாம். எந்த நீதியின்படி பங்கிடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் சொல்ல வேண்டியவர் மனிதரே.