வாதமுற்ற தோள்

பாரிசவாதம் கண்டவரின் கையை முற்கால வைத்தியர் பெரும்பாலும் கைவிட்டனர். நல்ல கையைப் பழக்கினர். மற்றதைத் துணியாற் கட்டிக் கழுத்திலே தொங்கவிட்டனர்.

இவ்வழக்கத்தை ஐயுற்றவர் பேட்டா போபாத் அம்மையார். 1907 இல் பேர்லினிற் பிறந்து தேகப்பயிற்சி கற்றவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1938 இல் இலண்டன் சேர்ந்தார். 1940களில் அங்கே வாதமுற்ற ஓவியர் ஒருவருக்குச் சிகிச்சை செய்கையில், கையின் விறைப்பு மாறாததன்று, உடலை வைக்கும் நிலைக்கும் அசைக்கும் முறைக்கும் ஏற்பத் தளர்வதே என்று கண்டார். அவர் முறை ஏனையவற்றினும் மேலானதெனப் பிற்கால ஆய்வுகள் நிறுவவில்லை. ஆயினும், செயலிழந்த கையையும் பேணவேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது.

பேணுவதாக எண்ணிக் கெடுத்ததும் உண்டு. புயத்தெலும்பின் உருண்டைத் தலை ஆழமற்ற குழியொன்றிலே தசைகளின் பிடிப்பால் நிற்பது. தசை சோர்ந்தால் அது கீழிறங்கும். அப்போது கையை இழுப்பது தீங்கு. அங்ஙனமிருந்தும், மேலே கப்பியிற் கயிறிட்டு நல்ல கையால் நோயுற்ற கையை உயர்த்துவது நெடுங்காலம் பயிற்சியென வழங்கிற்று. 1990 இல் அமெரிக்க ஆய்வொன்று 28 நோயாளரிடம் இதனைச் சோதித்தது. சிகிச்சையாளர் கைபிடித்து அசைத்தோரில் 8 வீதத்தினருக்குத் தோள்நோவு கண்டது. கப்பி இழுத்தோரில் 62 வீதத்தினருக்கு. சிறிய ஆய்வுதான், எனினும் இன்றைய வைத்திய வழிகாட்டிகள் அக்கப்பியை விலக்கச் சொல்கின்றன.