அரசன் முகம் அழிந்த காசுகள்

காசு என்பது கைமாறுவதற்கென்றே பிறந்த பொருள். இன்று ஒருவர் மடியில் இருப்பது நாளை இன்னொருவர் பெட்டியில் இருக்கும். அப்படிக் கைமாற வேண்டிய காசை ஒருவர் எடுத்து, அதன் முகத்தைத் தேய்த்து, அதில் ஒரு பெயரைப் பொறித்துவிட்டால் அது பிறகு கடைக்குச் செல்லாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அது விலைமதிப்பற்ற பொருளாகிவிடும். இத்தகைய காசுகளின் வரலாறு, சொந்த ஊரை விட்டுக் கடல் கடந்த எல்லா மக்களுக்கும் உரிய வரலாறாகும்.

1797ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகே மத்தியூ போல்ற்றன் என்பவரின் சோகோ ஆலையில், நீராவி இயந்திரத்தின் உதவியால் செப்புப் பென்னிகள் அச்சிடப்பட்டன. ஒவ்வொன்றும் ஓர் அவுன்ஸ் நிறையுடையது. அகலம் ஏறத்தாழ 36 மில்லிமீற்றர். விளிம்பு தடித்திருந்தமையால் மக்கள் இதனை 'வண்டிச் சக்கரம்' என்றே அழைத்தனர். பையில் வைத்துத் திரிவதற்குப் பாரமான இந்தக் காசு, எழுத்துப் பொறிப்பதற்கு மிக வாய்ப்பாக அமைந்தது. செம்பு மென்மையான உலோகம். காசின் பரப்பும் அகலமானது.

இக்காசுகளைத் தேடி எடுத்தவர்களுள் நாடு கடத்தப்படவிருந்த கைதிகளும் இருந்தனர். 1787 மே மாதத்தில் 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டன. அதிலிருந்து 1868 வரை ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான கைதிகள் அந்தக் கண்டத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆடோ துணியோ திருடியவர்களும் அவர்களுள் அடங்குவர். தண்டனைக் காலம் ஏழு ஆண்டாக இருந்தாலும் திரும்பி வரக் கப்பற்கூலி கிடைப்பது அரிது. போகிறவருக்கும் நிற்கிறவருக்கும் அதுவே கடைசிச் சந்திப்பு.

அந்த நாள்களில் கைதி ஒரு பென்னியை எடுத்து இருபுறமும் தேய்த்து வழவழப்பாக்குவான். ஜோர்ஜ் மன்னரின் முகம் மறைந்துவிடும். அந்த இடத்தில் தன் பெயர், மனைவியின் அல்லது தாயின் பெயர், வயது, தண்டனை பெற்ற ஆண்டு ஆகியவை இடம்பெறும். இதயம், அம்பு, புறா, நங்கூரம், கால்விலங்கு ஆகிய உருவங்களும் உண்டு. சில காசுகளில் தொழில் தெரிந்த கையின் நேர்த்தி காணப்படுகிறது. வேறு சிலவற்றில் எழுத்துகள் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டுக் கோணல்மாணலாக நிற்கின்றன. இதைக் காணும்போது என்னை மறவாதே என்ற கருத்தே பெரும்பாலானவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசிய அரும்பொருளகத்தில் 300க்கும் மேற்பட்ட இத்தகைய காசுகள் பாதுகாக்கப்படுகின்றன. நீதிமன்றப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, இவற்றைத் தந்தவர்களுட் பலர் யார் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

முதற் கப்பற் கூட்டத்திலேயே தோமஸ் பாரெற் என்ற கைதி இருந்தான். வழியில் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில், வார்ப்பூட்டு, பித்தான், கரண்டி ஆகியவற்றை உருக்கிக் கள்ளக் காசு செய்து அகப்பட்டுக்கொண்டவன் அவன். கப்பல் மருத்துவர் ஜோன் வைற் அவனது திறமையைக் கண்டு வியந்து குறிப்பு எழுதினார். 'ஷார்லற்' கப்பலின் உருவமும் அதன் பயண விவரமும் செதுக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் அவனது கைவேலை என்றே கருதப்படுகிறது. 1788 பெப்ரவரியில் உணவு திருடிய குற்றத்துக்காக அவன் தூக்கிலிடப்பட்டான். அந்தக் குடியேற்றத்தில் தூக்கிலிடப்பட்ட முதல் மனிதன் அவனே. அவன் செதுக்கிய பதக்கமோ இன்று சிட்னியிலுள்ள கடல்சார் அரும்பொருளகத்தின் அரிய செல்வங்களுள் ஒன்று.

நியூசிலாந்து கைதிகளின் குடியேற்றமாக இருந்ததில்லை. எனினும் 1842இல் 'சென்ற் ஜோர்ஜ்' கப்பலில் 92 பேரும், 1843இல் 'மண்டரின்' கப்பலில் 31 பேருமாக, இங்கிலாந்தின் பார்க்ஹேர்ஸ்ற் சிறையிலிருந்த சிறுவர்கள் இதே ஒக்லாந்தில் வந்து இறங்கினர். தாய் தந்தையரைப் பிரிந்து வந்த அவர்கள் இங்கு தொழில் பழக அமர்த்தப்பட்டனர். இந்த நகரத்தின் தொடக்க நாள்களிலேயே பிரிவுத் துயரும் கரையிறங்கிவிட்டது எனலாம்.

பிற்காலத்தில் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தவர்கள் போர்வீரர்கள். முதலாம் உலகப் போரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் நியூசிலாந்தர் கடல் கடந்து சென்றனர். சுமார் 18,000 பேர் உயிர் நீத்தனர். அந்தப் போரில் பிரித்தானியப் பேரரசுப் படையினர் பலர் வெள்ளிக் காசொன்றின் ஒரு பக்கத்தைத் தேய்த்து, பெயரையும் படை எண்ணையும் பொறித்து மணிக்கட்டில் அணிந்தனர். இறந்தால் இன்னார் என்று அறியவேண்டும் என்ற கவலையே காரணம். நியூசிலாந்துக்கெனத் தனி நாணயங்கள் 1933இல்தான் வந்தன. 1946 வரை அவற்றின் வெள்ளிக் காசுகளில் பாதி வெள்ளி இருந்தது. இரண்டாம் போர்க்காலத்தில் வெள்ளிக் காசுகளைத் தட்டி மோதிரமாக்கிக் காதலிக்கு அனுப்பிய வீரர்களும் உண்டு.

நம்மவரிடையே இவ்வழக்கம் வேறு வடிவில் விளங்கியது. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. அவை மீண்டும் காசாகப் புழங்காதிருக்கவே அவ்வாறு வெட்டப்பட்டன என அறிஞர் கருதுவர். குடும்பத்தில் நோய் வந்தால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சுவாமி படத்தருகே வைப்பது இன்றும் வழக்கம். முடிந்த கணமே அது செலவுக்குரியதன்று, நேர்த்திக்குரியது.

யாழ்ப்பாணத்துத் திருமணத்தில் பொன்னுருக்கல் என்ற சடங்கு உண்டு. நல்ல நாளில், உறவினர் சூழ்ந்திருக்க, ஆசாரியார் தங்கக் காசொன்றை உருக்குவார். அந்தப் பொன்னே தாலியாகும். பவுண் காசு உருகும்போது ஆங்கில அரசரின் முகம் நெருப்பில் கரைந்து, அந்த இடத்தில் ஒரு பெண்ணின் வாழ்வோடு பிணைந்த மங்கலப் பொருள் பிறக்கிறது. காசை அழித்து உறவை ஆக்கும் செயல் என்ற வகையில், கைதியின் பென்னிக்கும் தாலிக்கும் இடையே வியக்கத்தக்க ஒற்றுமை இருக்கிறது.

பிஜியிலிருந்து ஒக்லாந்துக்கு வந்த குடும்பங்களும் இதனை அறியும். 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குச் சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஒப்பந்தப்படி ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். வங்கி எட்டாத தோட்டத்து வாழ்வில், பெண்கள் தம் சேமிப்பை வெள்ளிக் காசுகளாகவும் பவுண்களாகவும் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். உருக்கி வளையலாகவும் செய்தனர். கரும்புத் தோட்டத்தில் வெயிலில் நின்ற நாள்களே அந்த நகைகள்.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கைதி தன் காசில் பெயரும் ஆண்டும் எழுதிவைத்தான். ஆகவே இருநூறு ஆண்டு கடந்தும் அது பேசுகிறது. நம் முன்னோர் காசில் எதையும் எழுதவில்லை. அதன் கதை பாட்டியின் வாயில் மட்டுமே இருந்தது. பாட்டி மறைந்தபின், பேரப்பிள்ளைகளுக்கு அது இத்தனை கிராம் தங்கம் என்பது மாத்திரமே தெரியும். பழைய மோஸ்தர் என்று அதனைக் கடையில் கொடுத்து மாற்றிவிட்டால், ஒரு குடும்பத்தின் கடற்பயணமும் அதனுடன் உருகிப்போகும்.

நகையில் உளி வைக்க வேண்டியதில்லை. பழைய காசோ காசுமாலையோ வைத்திருக்கும் அன்பர்கள், அதனை உழைத்துத் தேடியவர் யார், எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் புறப்பட்டார், யாருடைய திருமணத்துக்கு அது வந்தது என்பவற்றை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அதே பெட்டிக்குள் வைத்தல் நன்று. வீட்டில் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுவது இன்னும் நன்று.