வழித்துணையைக் கண்ட கண்கள்

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு கசகஸ்தானிலுள்ள பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து முதற் செயற்கைக்கோளை விண்ணிற் செலுத்தியது. அடுத்து வந்த கிழமைகளில் பல நாடுகளிலும் மக்கள் அந்தியிலும் வைகறையிலும் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து நோக்கினர். விண்மீன்களிடையே ஓர் ஒளிப்புள்ளி ஓசையின்றி நகர்ந்து சென்றது. ‘ஸ்புட்னிக்கைக் கண்டோம்’ என்றனர். அவர்கள் இட்ட பெயரின் பொருள் யாது, அவர்கள் உண்மையிற் கண்டது எது, அக்காட்சி எவ்வாறு அறிவாயிற்று என்னும் மூன்று வினாக்களை இவ்வுரையில் ஆராய்வோம்.

முதலிற் பெயரைக் காண்போம். ஸ்புட்னிக் என்னும் உருசியச் சொல் மூன்று உறுப்புகளால் ஆனது. ‘ஸ்’ என்னும் முன்னொட்டு ‘உடன்’ என்னும் பொருளது. ‘புத்’ என்பது வழி. ‘நிக்’ என்பது ஆளைக் குறிக்கும் ஈறு. மூன்றும் சேர்ந்தால் உடன்வழிச் செல்வோன் என்றாகும். வழித்துணை என்னும் தமிழ்ச்சொல் இதற்கு நேராக அமைகிறது. கோளைச் சுற்றிவரும் நிலவையும் உருசியர் முன்பே இச்சொல்லால் வழங்கினர். நாமும் நிலவைத் துணைக்கோள் என்கிறோம். மாந்தர் செய்ததைப் பிரித்துக் காட்டச் செயற்கைக்கோள் என்றோம். சங்கப் புலவர் வானொளிகளை நாள்மீன், கோள்மீன் என இரண்டாகப் பகுத்தனர். இடம்பெயரும் ஒளிக்குத் தனிப்பெயர் வேண்டும் என்னும் உணர்வு தமிழுக்குப் பழையது. செயற்கைக்கோள் என்பது அம்மரபின் வழிவந்த புதுச்சொல்.

இனிப் பொருளைக் காண்போம். ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர் குறுக்களவும் 83.6 கிலோகிராம் எடையும் கொண்ட பளபளப்பான உருண்டை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் ஓடிய அச்சிற்றுருண்டை, மிக இருண்ட வானிலும் வெறுங்கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் நின்றது. ஆனால் அதனைச் சுமந்து சென்ற ஏவூர்தியின் நடுப்பகுதியும் உடன் சுற்றுப்பாதையை அடைந்திருந்தது. இருபத்தைந்து மீட்டருக்கும் கூடிய நீளமுடைய அவ்வுடல் கதிரவன் ஒளியில் பளிச்சென மின்னியது. மக்களிற் பெரும்பாலோர் கண்டது அதனையே. ஆயினும் பெயர் உருண்டைக்கே நிலைத்தது. அவ்வேவூர்தி அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்திலும், உருண்டை 1958 ஜனவரி 4ஆம் நாளும் வளிமண்டலத்தில் வீழ்ந்து எரிந்தன.

காட்சி அறிவாவதற்குப் பெயர் மட்டும் போதாது. எங்கிருந்து, எந்நேரத்தில், வானின் எப்பகுதியில் கண்டோம் என்பதும் வேண்டும். இதனை முன்னுணர்ந்தவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர் பிரெட் விப்பிள். செயற்கைக்கோள் எதுவும் பறக்காத 1956ஆம் ஆண்டிலேயே அவர் பொதுமக்களைக் கொண்டு ‘மூன்வாட்ச்’ என்னும் தன்னார்வக் குழுக்களை அமைக்கத் தொடங்கினார். ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலரும் சேர்ந்தனர். வடக்கிலிருந்து தலையுச்சி வழியாகத் தெற்குக்குச் செல்லும் கற்பனைக் கோட்டை வேலியாகக் கொண்டு, ஒவ்வொருவரும் சிறு தொலைநோக்கியால் அதில் ஒரு துண்டைக் காத்தனர். ஒளி அக்கோட்டைக் கடக்கும் கணத்தில் குரல் கொடுக்க, நேரம் பதிவாகும். ஆய்வகத்தின் பெரிய நிழற்படக் கருவிகள் ஆயத்தமாகுமுன்பே ஸ்புட்னிக் பறந்துவிட்டது. ஆதலால் தொடக்க நாள்களில் இக்குழுக்களின் குறிப்புகளே பெருந்துணையாயின. 1975ஆம் ஆண்டுவரை இப்பணி தொடர்ந்தது.

இத்தகைய பதிவுகளின் பயன் சிறிதன்று. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால், அதனைச் சுற்றும் பொருளின் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே செல்லும். அத்திருப்பத்தை அளந்தால் புடைப்பின் அளவு தெரியும். இங்கிலாந்தின் பார்ன்பரோவில் டெஸ்மண்ட் கிங்-ஹீலும் அவர்தம் துணைவரும் 1958இல் ஸ்புட்னிக் 2இன் பாதையை ஆராய்ந்து, பூமியின் தட்டைமை அதுவரை கருதப்பட்ட 297இல் ஒரு பங்கு அன்று, ஏறத்தாழ 298இல் ஒரு பங்கே எனக் காட்டினர். நிலநடுக்கோட்டு விட்டத்துக்கும் துருவ விட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இது நூறு மீட்டருக்கும் கூடுதலான திருத்தம். அடுத்த பல்லாண்டுகள், இருகண் நோக்கியும் நிறுத்துக் கடிகாரமும் கொண்டு தன்னார்வலர் எடுத்த குறிப்புகள் அவ்வாராய்ச்சிக்கு உதவின. தம் வீட்டு முற்றத்தில் நின்றவர்கள் தாம் நின்ற பூமியின் வடிவை அளக்கத் துணைசெய்தனர்.

நம் நாட்டு வானில் இப்பணி எளிதன்று. செயற்கைக்கோளுக்குத் தன்னொளி இல்லை. நாம் இருளிலும் அது வெயிலிலும் இருக்கும்போதுதான் அது தென்படும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. ஆகவே 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் செல்லும் கலம், கதிரவன் மறைந்து ஏறக்குறைய 80 நிமிடத்தில் பூமியின் நிழலுக்குள் புகுந்துவிடும். பார்ன்பரோவின் கோடையிலோ கதிரவன் தொடுவானுக்குக் கீழே ஆழ்ந்து செல்வதில்லை. இரவு முழுதும் அத்தகைய கலம் ஒளிரும். நமக்குக் கிடைப்பது அந்தியில் ஒரு மணி நேரமும் வைகறையில் ஒரு மணி நேரமுமே. அதனையும் முகிலும் நகர விளக்கும் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் 1998 முதல் பகுதி பகுதியாகக் கட்டப்பட்ட பன்னாட்டு விண்வெளி நிலையம் அடுக்குமாடிகளுக்கு மேலும் தெளிவாகத் தெரியுமளவு ஒளியுடையது.

2019 மே மாதம் முதல் ஒரே ஏவலில் பத்துக்கணக்கான செயற்கைக்கோள்கள் மணிச்சரம்போல் செல்லும் காட்சியும் உலகெங்கும் சேர்ந்துள்ளது. பறக்கும் தட்டு என அஞ்சினோர் உளர். தம் நிழற்படங்களில் கீறல் விழுவதாக வானியலார் வருந்துகின்றனர். இவ்வானம் எவ்வாறு மாறுகிறது என்பதற்குச் சான்று கூற வேண்டியவர்கள் அதன்கீழ் வாழும் நாமே. வருங்காலத்தில் அச்சான்று தமிழிலும் கிடைக்க வேண்டுமாயின், நம் பள்ளி மாணவர்க்கு ஒரு பழக்கத்தைக் கற்பிப்போம். நகரும் ஒளியைக் கண்டால் நாள், மணி, நின்ற இடம், அது தோன்றிய திசை, மறைந்த திசை ஆகிய ஐந்தையும் தமிழில் ஒரு வரியாக எழுதிவைக்கட்டும். பெயரை அதன் பின்னர்த் தேடிக்கொள்ளலாம்.