ஏட்டுக் கணக்கும் வாயிற்படிக் கணக்கும்

குழந்தைகளின் நலம் நாடிப் பொருள் திரட்டிய அறநிலையங்கள் முதன்முதலிற் கணக்குக் காட்டியது, கொடுத்தவர்க்கேயன்றிப் பெற்றவர்க்கு அன்று. 1919ஆம் ஆண்டில் எக்லண்டைன் ஜெப் என்னும் ஆங்கில அம்மையாரும் அவர்தம் தங்கையார் டோரதி பக்ஸ்டனும் இலண்டனில் ‘குழந்தைகளைக் காக்கும் நிதி’யைத் தோற்றுவித்தபொழுது, பசியால் வாடிய குழந்தைகள் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் இருந்தனர், பொருள் வழங்கியோர் இங்கிலாந்தில் இருந்தனர். இத்தனை பெட்டி பால், இத்தனை வேளை உணவு என்று கடல் கடந்து சென்ற அறிக்கையே அந்நாளில் நேர்மையின் சான்றாயிற்று. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், உணவு பெற்ற குழந்தையின் தாய் அக்கணக்கை ஒருநாளும் கண்டிருக்கமாட்டாள். அதன்பின் பல பத்தாண்டுகள், உலகெங்கும் குழந்தைப் பணியாற்றிய நிறுவனங்கள் பெரும்பாலும் இவ்வழியே சென்றன.

இவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகிய ஒரு முயற்சி நாம் குடிபுகுந்து வாழும் இம்மாநகரிலேயே பிறந்தது என்பது நம் அன்பர்களுட் பலர் அறியாத செய்தியாக இருக்கக்கூடும். 1994இல், இந்நகர் இன்னும் பம்பாய் என்றே வழங்கிய காலத்தில், ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் தோன்றியது. மாதவ் சவாண் அவர்களும் பரிதா லாம்பே அம்மையாரும் அதனை நிறுவியோர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் அதற்குத் துணை நின்றது. குடிசைப் பகுதிகளில் ‘பால்வாடி’ எனப்படும் மழலையர் கூடங்களை அமைப்பது அதன் முதற்பணி. கட்டடம் எழுப்ப அவர்கள் காத்திருக்கவில்லை. கிடைத்த இடமே கூடம். அக்குடியிருப்பிலேயே வாழும் இளம்பெண்ணே ஆசிரியை.

பணி வளரவே ஓர் உண்மை புலப்பட்டது. பள்ளியிற் சேர்ந்து மூன்றாண்டும் நான்காண்டும் பயின்ற குழந்தைகள் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அறியாதிருந்தனர். பின்தங்கிய மாணவரைத் தனியே அமர்த்திப் பயிற்றுவிக்க ‘பால்சகி’ என்னும் துணைப் பயிற்றுநர் நியமிக்கப்பெற்றனர். அத்திட்டம் பயன் தந்ததா என்பதைத் தாமே சொல்லிக்கொள்ளாமல், வெளியாரைக் கொண்டு அளக்கச் செய்தமை பாராட்டத்தக்கது. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை நடந்த அவ்வாய்வில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ முதலிய பொருளியலறிஞர் ஈடுபட்டனர். பால்சகி அமர்ந்த பள்ளிகளில் மாணவர் தேர்ச்சி உயர்ந்தது என்பதே கண்ட முடிவு.

இவையாவும் அறிஞர்க்கும் புரவலர்க்கும் விளங்கும் கணக்கு. ஊராருக்கு விளங்கும் கணக்கு எது? அதற்கு விடையாக அமைந்தது ஒரே ஒரு தாள். அதில் முதலிற் சில எழுத்துகள். அடுத்து எளிய சொற்கள். பிறகு முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி. இறுதியில் இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு குறுங்கதை. கணக்கிற்கும் அவ்வாறே எண் அறிதல், கழித்தல், வகுத்தல் எனப் படிகள் உண்டு. குழந்தை எந்தப் படிவரை ஏறுகிறதோ அதுவே அதன் நிலை. மதிப்பெண் இல்லை, விழுக்காடு இல்லை. தேறினான், தவறினான் என்ற சொல்லும் இல்லை.

2004ஆம் ஆண்டில் நடுவணரசு, தொடக்கக் கல்விக்கென வரிகளின்மீது நூற்றுக்கு இரண்டு வீதம் மேல்வரி விதித்தது. வரி கொடுப்போர் அதன் பயனை அறிய வேண்டாவா என்ற வினா எழுந்தது. 2005இல் ‘அசர்’ என்னும் ஆண்டறிக்கை தொடங்கியது. அச்சொல்லுக்கு இந்தியில் ‘விளைவு’ என்பது பொருள். நாட்டின் ஊரக மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 சிற்றூர்கள், ஊருக்கு 20 வீடுகள். இவ்வேலையைச் செய்வோர் அந்தந்த மாவட்டத்துக் கல்லூரி மாணவரும் உள்ளூர்த் தொண்டருமேயாவர். அவர்கள் ஊரைச் சுற்றி நடந்து, ஊராரையே வினவி, படம் வரைந்து, அதனை நான்கு பகுதியாக்கி, பகுதிக்கு ஐந்து வீடு தெரிந்தெடுப்பர். பள்ளிக்குச் செல்லாத குழந்தையும் கணக்கில் வரவேண்டும் என்பதற்காகவே பள்ளியைத் தவிர்த்து வீடு தேடிச் செல்வர்.

இம்முறையின் சிறப்பெல்லாம் அந்த வாயிற்படியில்தான் இருக்கிறது. எழுத்தறியாத தாயொருத்தி தன் மகன் ஐந்தாம் வகுப்புப் படிப்பதாகவே மகிழ்ந்திருப்பாள். அவன் குறுங்கதையைப் படிக்கமாட்டாது நிற்பதை அவள் கண்ணாற் காணும்போது, எந்த அதிகாரியின் விளக்கமும் அவளுக்குத் தேவைப்படுவதில்லை. ஐந்தாம் வகுப்பினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயலாதவர் என்பதை ஆண்டுதோறும் அவ்வறிக்கை உரைத்தபோது நாடு அதிர்ந்தது.

ஆனால் அறிவித்தால் மட்டும் போதுமா? உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டத்தில் 2005-2006இல் நடந்த ஆய்வு இவ்வினாவிற்குக் கசப்பான விடையை அளித்தது. 280 ஊர்கள் நான்கு தொகுதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு தொகுதியில் ஊர்க்கூட்டம் கூட்டிக் கல்விக் குழுவின் உரிமைகள் விளக்கப்பட்டன. மற்றொன்றில் அவ்வுரிமை விளக்கத்தோடு, ஊராரே அந்தத் தாளைக் கொண்டு தம் குழந்தைகளைச் சோதித்து ஊர்க்கூட்டத்தில் முடிவை வைத்தனர். மூன்றாவதில் இவ்விரண்டோடு, உள்ளூர் இளைஞர்க்குப் படிப்புப் பயிற்சி முகாம் நடத்தும் முறையும் கற்பிக்கப்பட்டது. நான்காவது தொகுதியில் எதுவும் செய்யப்படவில்லை. தொடக்கத்தில் விசாரித்தபோதே, கல்விக் குழு ஒன்று இருப்பதைப் பெற்றோரிற் பெரும்பாலார் அறியவில்லை. குழு உறுப்பினருள் நால்வர்க்கு ஒருவர், தாம் உறுப்பினர் என்பதையே அறிந்திலர்! (நம் சங்கங்களின் செயற்குழுக்களை நினைந்து அன்பர் சிலர் ஈண்டுப் புன்னகை புரியலாம்.)

முடிவு என்ன? மூன்று வழியிலும் அரசுப் பள்ளியின்மீது ஊராரின் பிடி இறுகவில்லை. குழுக்கள் விழித்தெழவில்லை. முகாம் நடந்த ஊர்களில் மட்டும், வந்த குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். அங்கும் வந்தவர் சிறுபகுதியினரே. தன் திட்டத்தின் இரண்டு பகுதிகள் பயனளிக்கவில்லை என்பதை மறையாது வெளியிடத் துணையாயிருந்த நிறுவனத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும். வெற்றிகளை மட்டுமே வண்ணப்படத்துடன் அச்சிடும் அறிக்கைகள் நம்மிடையே மலிந்துள்ளன. அதன்பின் முகாம்களில் அளத்தலும் கற்பித்தலும் ஒன்றாயின: தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் அதே தாள், வகுப்பைப் பாராது, குழந்தை நிற்கும் படியைப் பார்த்துக் குழு பிரித்தல். கென்யா, தான்சானியா, உகாண்டா நாட்டினரும் 2009 முதல் ‘உவெசோ’ என்ற பெயரில் இவ்வளவை முறையை மேற்கொண்டனர்.

குறை இல்லாமலில்லை. ‘அசர்’ அறிக்கை மாவட்டத்திற்கும் மாநிலத்திற்குமே எண் தரும். சோதனைக்கு இடங்கொடுத்த சிற்றூருக்கு, அறிக்கையில் தனக்கென ஒரு வரியும் இராது. 2014 வரை ஆண்டுதோறும் வந்தது, பின்னர் இடைவெளி விட்டு வரலாயிற்று. தொண்டு நிறுவனத்தை ஊரார் அளக்கும் தாள் ஒன்றும் இதுவரை பரவலாக அச்சேறவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரை முக்காற் பங்காகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களை விதித்திருக்கிறது. ஜான்பூர்ப் பாடத்தை நினைந்தால் அவற்றைப் பற்றிப் பெருநம்பிக்கை கொள்ளத் தயக்கமே உண்டாகிறது. எனினும் நல்ல செய்தியும் உண்டு. ஊரக அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பினருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லோர் 2022இல் நூற்றுக்கு 16.3, 2024இல் 23.4.

இவ்வெண்களில் மும்பை இல்லை. அறிக்கை ஊரகத்துக்கே உரியது. எந்நகரில் இம்முயற்சி பிறந்ததோ அந்நகரத்துக் குழந்தைகள் அக்கணக்குக்கு வெளியே நிற்கின்றனர். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிற் பயிலும் நம் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அவர்களுள் எத்தனைபேர் குறுங்கதையைப் படிப்பர் என்பதை அவ்வறிக்கையைப் புரட்டி அறிய இயலாது. அந்த ஒரு பக்கத் தாளோ தமிழிலும் இருக்கிறது. அதைப் பெற விலை இல்லை. ஒரு குழந்தையின் அருகமர்ந்து பார்க்கச் சில நிமிடமே ஆகும்.